கிள்ளானிலிருந்து காஞ்சனாபுரிக்கு: தாத்தா போன வழியில் ஒரு வேன் பயணம்

பள்ளி விடுமுறை நெருங்கினால் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்ப வாட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிடும். இந்த முறை எங்கே போவது? கேமரன் மலை, பங்கோர், லங்காவி எல்லாம் பலமுறை பார்த்தாகிவிட்டது. ஹாட்யாய் போய்ச் சாமான் வாங்கித் திரும்புவதும் பழகிப்போன ஒன்று. இதற்கு நடுவே சில குடும்பங்களில் காஞ்சனாபுரி என்ற பெயரும் எழுகிறது. ‘சயாமுக்குப் போனவர் திரும்பவே இல்லை’ என்று பாட்டி சொல்லிக் கேட்ட வீடுகளில்தான் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு.

கிள்ளானிலிருந்து காஞ்சனாபுரிக்கு ஒரு வழிக்கு மட்டும் ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். போக வர 3,000, அங்கே சுற்றுவதற்கு இன்னும் சில நூறு. கேம்பர்வேனிலோ, படுக்கை வசதி செய்த வேனிலோ, சொந்த எம்.பி.வி.யிலோ இந்தத் தூரத்தைக் கடக்க நினைப்பவர்கள் புறப்படும் நாளுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே வேலையைத் தொடங்கினால்தான் பயணம் பயணமாக இருக்கும். இல்லையென்றால் எல்லையிலேயே அரை நாள் போய்விடும், மீதி நாள் சண்டையில் போகும்.

ஏன் வாகனத்தில்?

விமானத்தில் பேங்காக் போய் அங்கிருந்து காஞ்சனாபுரிக்கு வேன் பிடிப்பதுதான் சுலபம். ரயிலிலும் போகலாம். பிரிக்பீல்ட்ஸ் கே.எல். சென்ட்ரலில் இ.டி.எஸ். ஏறினால் பாடாங் பெசார், அங்கிருந்து தாய்லாந்து ரயில். நால்வர் மட்டுமே என்றால் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம்.

வேன் கைகொடுப்பது மூன்று தலைமுறை ஒன்றாகப் புறப்படும்போதுதான். எண்பது வயது அம்மாவுக்கு நினைத்த இடத்தில் கால் நீட்டிப் படுக்க வேண்டும். பேரப்பிள்ளைக்கு நேரத்துக்குக் கஞ்சி வேண்டும். வீட்டில் ஒருவர் சைவமாக இருப்பார். இன்னொரு காரணமும் உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து ஆட்களை ஏற்றிய சரக்கு ரயில்கள் பாடாங் பெசார் வழியாகத் தென் தாய்லாந்தின் நீளம் முழுவதும் ஓடி பான் போங் நிலையத்தில்தான் இறக்கிவிட்டன. இன்றைய நெடுஞ்சாலையும் பெரும்பாலும் அந்தத் தண்டவாளத்தை ஒட்டியே வடக்கே போகிறது. அவர்கள் பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்து நாள் கணக்கில் போன தூரம் எவ்வளவு என்பது விமானத்தில் போனால் தெரியாது.

அந்த ரயில் பாதை

ஜப்பானியர் ஆட்சியில் 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது சயாம்–பர்மா ரயில் பாதை. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். ஏறத்தாழ 60,000 போர்க் கைதிகள் இதில் வேலை செய்தனர், அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் கணக்கு யாரிடமும் சரியாக இல்லை. இரண்டு லட்சம் பேர் அளவில் கொண்டுபோகப்பட்டனர், 90,000 பேர் வரை மாண்டனர் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்கும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து போனவர்கள் சுமார் 75,000 பேர், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள்.

ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கிக் கிடந்த நேரம் அது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை என்று சொல்லித்தான் ஆள் சேர்க்கத் தொடங்கினார்கள். பின்னர் சாலையில் போனவர்களையும் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா பரவியபோது போர்க் கைதிகளிடையே அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தனர். தோட்டத் தொழிலாளர்களுக்கு மருத்துவரும் இல்லை, பெயர் எழுதி வைக்க ஆளும் இல்லை. தண்டவாள இரும்பில் ஒரு பகுதிகூட மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைப் பெயர்த்து எடுத்ததுதான்.

வாகனமும் அதன் எடையும்

வாடகைக்கு கேம்பர்வேன் எடுப்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல, வண்டியை எல்லை தாண்டிக் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதுதான். பல வாடகை ஒப்பந்தங்கள் அதைத் தடை செய்கின்றன. அனுமதி உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது, கடிதம் வேண்டும். 2016 முதல் தாய்லாந்து வெளிநாட்டு வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் வைத்திருக்கிறது. மலேசியாவின் சாதாரணக் கார்களும் வேன்களும் அன்றாடம் எல்லை தாண்டுகின்றன. ஆனால் வீடு போலக் கட்டிய மோட்டார்ஹோம் வேறு வகை. அதைக் கொண்டுபோக நினைப்பவர்கள் தாய்லாந்துச் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்த வேனின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, தச்சரை வைத்துக் கட்டிலும் அடுப்பும் பொருத்துவது பரவலாக நடக்கிறது. சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.யின் அனுமதி இல்லாமல் செய்தால் அது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பிடித்துக்கொள்வதும் இதைத்தான். கழற்றி மாட்டக்கூடிய மடிப்பு மெத்தை, வெளியே வைத்துச் சமைக்கும் சிறிய அடுப்பு, மடக்கு மேசை, குளிர்பெட்டி ஆகியவை போதும். வண்டியில் கை வைக்க வேண்டியதில்லை.

எடையை மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டியை நிரப்பினால் கூடுதலாக ஓர் ஆள் ஏறியதைவிட அதிகம். அதோடு அரிசி மூட்டை, அடுப்பு, ஏழு பேர், ஏழு பெட்டி. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்களைப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. ஐந்தாறு வயதான டயரை, பூ தேயாமல் இருந்தாலும், இந்தப் பயணத்துக்கு நம்ப வேண்டாம். பிரேக், பேட்டரி, குளிரூட்டி நீர் ஆகியவற்றைப் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே பார்த்துவிட்டால், மாற்றிய பொருளில் கோளாறு இருந்தாலும் உள்ளூரிலேயே தெரிந்துவிடும்.

வண்டிக்குள் எரிவாயு அடுப்பைப் பற்றவைப்பதும், எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டு தூங்குவதும் உயிரைப் பறிக்கும் பழக்கங்கள். கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு மணம் கிடையாது. சமையல் வெளியே, உறக்கம் சன்னலைச் சற்றுத் திறந்து வைத்து.

எல்லாம் தயார் என்று தோன்றியதும் ஓர் இரவு ஒத்திகை பார்ப்பது நல்லது. கிள்ளான்காரர்களுக்கு மோரிப் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. இரவு அங்கே தங்கி, சமைத்து, படுத்து எழுந்து வந்தால் எதை மறந்தோம், எதைத் தேவையில்லாமல் ஏற்றினோம், யாருக்கு முதுகு வலிக்கிறது என்று எல்லாம் தெரிந்துவிடும். அம்மாவால் வண்டியின் படியில் ஏற முடியவில்லை என்பதை மோரிப்பில் கண்டுபிடித்தால் ஒரு சிறிய முக்காலி வாங்கலாம். சுராட் தானியில் கண்டுபிடித்தால் ஒன்றும் செய்ய முடியாது.

தாள்கள்

கடப்பிதழுக்குக் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக் காலம் இருக்க வேண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்குக் கட்டணம் 100 ரிங்கிட், மற்றப் பெரியவர்களுக்கு 200. தோட்டப்புறக் குடும்பங்களில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: வீட்டில் மூத்தவர் இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கலாம். அவரிடம் மலேசியக் கடப்பிதழ் இருக்காது. பயண ஆவணம், மீண்டும் நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி ஆகியவற்றுக்குக் குடிநுழைவுத் துறையை மாதக்கணக்கில் முன்பே அணுக வேண்டும். யாருக்காகப் பயணமோ அவரையே எல்லையில் நிறுத்திவிட்டுப் போகும்படி ஆகிவிடக் கூடாது.

2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர் அனைவரும் மின்னியல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பலாம். கட்டணம் இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது தாய்லாந்து அரசின் தளம் அல்ல.

வாகனத்துக்கு வேண்டியவை: பதிவு அட்டை, ஓட்டுபவரின் உரிமம், தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி. வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம், வேறொருவர் பெயரில் இருந்தால் அவருடைய கடிதம். அண்ணன் பெயரில் வேன், ஓட்டுவது தம்பி என்பது நம் வீடுகளில் சாதாரணம். எல்லையில் அது சாதாரணம் அல்ல. மலேசிய ஓட்டுநர் உரிமம் 1985 ஆசியான் உடன்படிக்கைப்படி அங்கே செல்லும். கைத்தொலைபேசியில் இருக்கும் மின்னியல் உரிமத்தை மட்டும் நம்பாமல் அட்டையையும் கொண்டுபோவது பாதுகாப்பு.

கட்டாயக் காப்புறுதி மூன்றாம் தரப்பினருக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டுமே. சொந்த வண்டியின் சேதத்துக்கு நம் நாட்டுக் காப்புறுதியைத் தாய்லாந்துக்கு நீட்டிக்கச் சொல்ல வேண்டும். அந்த நீட்டிப்பு எந்தத் தூரம் வரை செல்லும் என்று கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். ஹாட்யாய் போகிறவர்களுக்குப் போதுமானது காஞ்சனாபுரிக்குப் போதாமல் போகலாம்.

புக்கிட் காயு ஹீத்தாமுக்கு முன்னால் உள்ள சங்லூன் கடைகளில் கட்டாயக் காப்புறுதியும் வாங்கலாம். வண்டிக்கும் பயணிகளுக்கும் உரிய ‘டிஎம்2’, ‘டிஎம்3’ படிவங்களைச் சிறு கட்டணத்துக்கு நிரப்பியும் கொடுப்பார்கள். பிறகு எல்லையில் தாய்லாந்துச் சுங்கத்துறை ஒரு தற்காலிக இறக்குமதித் தாள் தரும். அந்த ஒரு தாள்தான் திரும்பி வரும் வரை தங்கம். வண்டி இருக்கக்கூடிய கடைசி நாள் அதில் எழுதப்பட்டிருக்கும். ஆட்கள் தங்கலாம் என்ற நாளும் வண்டி தங்கலாம் என்ற நாளும் வேறு வேறாக இருக்கலாம். தாமதமானால் அபராதம் நாள் கணக்கில் ஏறும்.

எந்த மாதம்?

நவம்பரும் டிசம்பரும் விடுமுறை மாதங்கள், ஆனால் தென் தாய்லாந்தில் அப்போதுதான் பருவமழை. 2025 நவம்பரில் ஹாட்யாய் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான மலேசியர்கள் தங்கும் விடுதிகளில் சிக்கிக்கொண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ஏப்ரல் நடுவில் சொங்கிரான் தண்ணீர்த் திருவிழா. சாலை விபத்துகளுக்குப் பேர்போன வாரம் அது, காஞ்சனாபுரியில் வெயிலும் 40 பாகையைத் தொடும். முதியவர்களை அழைத்துப் போக ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும்தான் உகந்தவை. பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மட்டும் சிக்கல். எல்லாருக்கும் ஒத்துவரும் மாதம் என்று ஒன்று இல்லை. முதியவரின் உடம்பா, பிள்ளையின் விடுமுறையா என்று குடும்பம் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சாலையில் நான்கு நாள்

‘இரண்டே நாளில் போய்விட்டோம்’ என்று பெருமை பேசுபவர்கள் இருப்பார்கள். அவர்கள் வண்டியில் எண்பது வயது அம்மா இருந்திருக்க மாட்டார். நாளுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் முதியவர்களின் காலில் இரத்தம் கட்டிக்கொள்ளும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சாப்பாட்டு நேரம் தவறக் கூடாது. மருந்துகளை இரு பங்காக்கி இரண்டு பைகளில் வைத்து, மருத்துவரின் கடிதத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் நாள் காலையில் கிள்ளான்காரர்கள் புக்கிட் ராஜா வழியாகவும், பிரிக்பீல்ட்ஸ்காரர்கள் ஜாலான் டூத்தா வழியாகவும் வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்துப் புறப்பட எப்படியும் எட்டு மணியாகிவிடும், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தாப்பா, சுங்கை பேராக், குருண் ஓய்விடங்களில் நின்று நின்று போனாலும் மாலைக்குள் அலோர் ஸ்டார் அல்லது ஜித்ரா. அன்றிரவு நம் நாட்டிலேயே தங்குவது நல்லது. எல்லையைக் காலையில் தெளிந்த தலையோடு கடக்கலாம். தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி நேரம் பின்னால்.

இரண்டாம் நாள் சடாவ், ஹாட்யாய், பத்தலுங் வழியாக 41-ஆம் எண் சாலையில் சுராட் தானி. மூன்றாம் நாள் சும்போனில் மீண்டும் 4-ஆம் எண் பெட்காசெம் சாலையைப் பிடித்துப் பிரச்சுவாப் கிரி கான். கூடாரம் அடிக்கவும் வண்டி நிறுத்தவும் வசதியுள்ள ஹாட் வனகோன் தேசியப் பூங்கா அந்த வட்டாரத்தில் கடலோரமாக இருக்கிறது. நான்காம் நாள் ராட்சபுரி, பிறகு பான் போங், அங்கிருந்து 323-ஆம் எண் சாலையில் காஞ்சனாபுரி. பேங்காக் நெரிசலுக்குள் போக வேண்டியதே இல்லை. பெங்காலான் ஹூலு வழியாக பெத்தோங் போகும் சாலை அழகானது. ஆனால் அது கலவரச் சம்பவங்கள் தொடரும் யாலா மாநிலத்துக்குள் போகிறது. இந்தப் பயணத்துக்கு அது வேண்டாம்.

தாய்லாந்திலும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பழகாதது அங்குள்ள யூ-திருப்பம். நெடுஞ்சாலையின் நடுவிலேயே திரும்பும் இடம் இருக்கும், லாரிகள் அங்கிருந்து மெதுவாக வேகத் தடத்துக்குள் நுழையும். சாலையோரத்தில் பக்கவண்டி மாட்டிய மோட்டார் சைக்கிள்கள் எதிர்த்திசையில் வரும். இருட்டிய பிறகு ஓட்டாமல் இருப்பதே இரண்டுக்கும் மருந்து. பெட்ரோல் நிலையத்தில் ‘கேஸோஹால் 95’ என்று கேட்க வேண்டும். ‘இ85’ என்பது நம் சாதாரண வண்டிகளுக்கு ஆகாது. பெரிய நிலையங்களில் கழிப்பறை, உணவுக்கடை, நிழல் எல்லாம் உண்டு. கட்டணத்துக்குப் பல கடைகளில் நம் வங்கிச் செயலியிலேயே கியூஆர் குறியீட்டைப் படம் பிடித்தால் போதும்.

சைவம் உண்பவர்கள் மஞ்சள் பின்னணியில் சிவப்பாக எழுதிய ‘ஜே’ அடையாளத்தைத் தேடலாம். காய்கறிப் பிரட்டல் என்று கொடுப்பதிலும் மீன் சாறு இருக்கும். அரிசியும் பருப்பும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் கவலை இல்லை.

இளைஞர்களுக்கு ஒரு சொல். தாய்லாந்தில் மின்சிகரெட் வைத்திருப்பதே குற்றம். கஞ்சா கலந்த பானத்தையோ பிஸ்கட்டையோ அங்கே கடையில் பார்த்தோம் என்று வாயில் போட்டுக்கொண்டு திரும்பினால் மலேசிய எல்லையில் சிறுநீர்ச் சோதனையில் மாட்டலாம். வேனில் பாட்டி இருக்கிறார் என்பதற்காக யாரும் விட்டுவிட மாட்டார்கள்.

அவசரத்துக்கு: சுற்றுப்பயணிகள் காவல் 1155, மருத்துவ உதவி 1669, காவல்துறை 191. சொங்க்லாவில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, தூதரகம் பேங்காக்கில். நம் நெடுஞ்சாலையில் பிளஸ் உதவி எண் 1800-88-0000.

போய்ச் சேர்ந்த பிறகு

எல்லாரும் முதலில் போவது பாலத்துக்கு. 1957-இல் வந்த ஹாலிவுட் படம்தான் அதை உலகறியச் செய்தது. அந்தப் படம் எடுக்கப்பட்டது இலங்கையின் கித்துல்கலையில் என்பதும், கதையில் தோட்டத் தமிழனுக்கு இடமே இல்லை என்பதும் வேறு விஷயம்.

ஊர் நடுவே போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம். ஏறத்தாழ 7,000 பேர் அங்கே அடக்கம். வெட்டிய புல், வரிசையாகப் பலகைகள், ஒவ்வொன்றிலும் பெயர், வயது, படைப்பிரிவு. அதில் ஒரு தமிழ்த் தோட்டத் தொழிலாளியின் பெயரைக்கூடத் தேடிக் காண முடியாது. அதற்குப் பக்கத்திலேயே உள்ள வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த விகாரைக்குத்தான் நம்மவர்கள் போக வேண்டும். அடையாளம் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் சேர்த்து அடக்கம் செய்யப்பட்ட நினைவிடம் அங்கே இருக்கிறது. மாண்ட தமிழர்களுக்காக 2023 மே 1-ஆம் தேதி அங்கே நடுகல்லும் நாட்டப்பட்டது.

வடக்கே 323-ஆம் எண் சாலையில் சுமார் 80 கிலோமீட்டரில் ‘ஹெல்ஃபயர் பாஸ்’. மலையைக் கையால் குடைந்து பாதை போட்ட இடம். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் இலவசம். பாறை வெட்டுக்குள் இறங்கப் படிகள் அதிகம், முழங்கால் வலி உள்ளவர்கள் மேலிருந்தே மையத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அவர்களுக்கு ஏற்றது ரயில். காஞ்சனாபுரியிலிருந்து நாம் தோக் வரை இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஆகும். தாம் கிராசே அருகே மரத்தூண்களின் மேல், ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் ஆறுமாக ரயில் ஊர்ந்து போகும்போது பெட்டியில் பேச்சு தானாக நின்றுவிடும். வண்டியை நிலையத்தருகே நிறுத்திவிட்டுப் பாட்டியைச் சன்னலோரம் உட்கார வைத்தால் அவர் நடக்க வேண்டிய வேலையே இல்லை.

விகாரையில் கற்பூரம் ஏற்றவும் படையல் வைக்கவும் பிக்குகளிடம் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். தேங்காய், வாழையிலை, வெற்றிலை பாக்கு அந்த ஊர்ச் சந்தையிலேயே கிடைக்கும். ஊதுபத்தி, திருநீறு, கற்பூரம் மட்டும் பிரிக்பீல்ட்ஸில் வாங்கிக்கொண்டால் போதும். போனவரின் பெயர், தகப்பனார் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு போனார் என்பதை வீட்டு முதியவர் வாயால் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு புறப்பட வேண்டும். அங்கே சரிபார்க்கப் பதிவேடு எதுவும் இல்லை. படையலின் முன் வாசிக்க அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும். படையல் முடிந்ததும் சாம்பலையும் இலையையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும்.

திரும்பும் வழியில் சடாவ் எல்லையில் சுங்கத்துறைத் தாளைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டதா என்று ஓட்டுபவரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. அதை மறந்துவிட்டு வந்தால் அடுத்த முறை அதே வண்டியோடு நுழையும்போது பதில் சொல்ல வேண்டியிருக்கும்.